எத்தனை துண்டு

அரிசி வாளிக்குள் விரல் போன தடம்.
எலி என்று நினைத்துப்
பொறி வாங்கக் காசு எடுத்து வைத்தேன்.

எலி யூனிபோம் மாற்றாமல்
குசினிச் சுவரில் சாய்ந்து நின்றது.
டை கூட அவிழ்க்கவில்லை.
வாய்க்குள் நறுக் நறுக்கென்று
ஒரு கைப்பிடி பச்சை அரிசி.

"பச்சை அரிசி தின்னா
கல்யாணத்தண்டு மழை கொட்டும், ஜெனிட்டா."
"கொட்டட்டும். ஹோலுக்குள்ளதானே கல்யாணம்."

சிரித்தேன்.
சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

அரிசிக்குப் பிறகு ஐஸ்.
கீழ்வீட்டு நசீராவின் ஃபிரிட்ஜைத் திறந்து
சுரண்டிச் சுரண்டித் தின்கிறாளாம்.
"உடம்புக்குள்ள சூடு போல" என்றாள் நசீரா,
குறை சொல்கிற மாதிரி இல்லாமல்.

எங்கள் தொடர்மாடியில்
லிஃப்ட் ஓடியதை நான் கண்டதில்லை.
மூன்றாம் மாடித் திருப்பத்தில்
கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.
மேலே இருந்து கத்துவேன்:
அங்க நிண்டு யாரோட கதை?
அவள் கதைக்கவில்லை.
மூச்சு எடுத்துக்கொண்டிருந்தாள்.

காலை அசெம்பிளியில் விழுந்த பிறகுதான் கிளினிக்.
எட்டு தசம் இரண்டு என்றார் டொக்டர்.
பரீட்சைப் புள்ளி மாதிரிக் கேட்டது.
"எத்தனைக்கு?" என்றேன்.
"பன்னிரண்டாவது இருக்க வேணும் அம்மா."

காலையில் என்ன சாப்பாடு?
பாண், சம்பல், பிளேன்டீ.
பகலில்?
கென்டீன் ரோல்ஸ். சில நாள் பிளேன்டீ மட்டும்.
இரவில்?
சோறும் மீன் குழம்பும் என்றேன்,
கொஞ்சம் பெருமையாக.
மீன் எத்தனை துண்டு?

கையில் இருக்கிற காசுக்குச் சூரையில் மூன்று துண்டு.
அவருக்கு இரண்டு, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்.
ரொஷானுக்கு ஒன்று, வளர்கிற பிள்ளை.
எங்கள் இரண்டு பேருக்கும் குழம்பு.
குழம்பில்தான் ருசி எல்லாம் என்று
நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

வளர்கிற பிள்ளை.
இந்த வருடத்தில் அவளுடைய வெள்ளைக் கவுன் மடிப்பை
இரண்டு தரம் அவிழ்த்துவிட்டவளும் நான்தான்.

மாதத்தில் எத்தனை நாள் என்று கேட்டார்.
நான் ஐந்து என்றேன்.
அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு எட்டு என்றாள்.
நான் வாங்கிக் கொடுப்பது ஒரு பக்கெட்.
மிச்ச நாளுக்கு என்ன செய்தாள் என்று
அந்த அறையில் கேட்கவில்லை.
வெளியே வந்தும் கேட்கவில்லை.

"சாப்பாட்டோட தேத்தண்ணி வேணாம்.
இரும்பை அது பிடிச்சு வச்சுக்கொள்ளும்."

கிராண்ட்பாஸ் தேயிலை ஸ்டோரில் பதினொரு வருடம்.
நகத்துக்குள் இருந்து போகாத மண் நிறம்.
நல்லது கப்பலுக்கு.
தரையில் சிந்துகிற தூள், கூட்டி அள்ளினால், எங்களுக்கு.
பால்மா விலை ஏறிய மாதமெல்லாம் அதுதான்.
பசிக்குது என்று பிள்ளை சொன்னால்
முதலில் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டுத்தான்
வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன்.
அது பசியை ஆற்றும்.
ஆற்றும் என்றுதான் நினைத்தேன்.

குளிசைச் சீட்டை எழுதி முடித்த டொக்டர்
என் கண் இமையையும் கீழே இழுத்துப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
இன்னொரு கார்டை எடுத்துப் பெயர் கேட்டார்.

இரவு முருங்கையிலை வறை, தேசிக்காய் பிழிந்து.
குளிசை போட்டது ஆணி சூப்பின மாதிரி என்றாள்.
மீன் மூன்று துண்டு. இன்றைக்கும் மூன்றுதான்.
அவருடைய பீங்கானுக்கு ஒன்று.
ரொஷானுக்கு ஒன்று.
ரொஷான் எண்ணினான்.
அவர் எண்ணவில்லை,
அல்லது எண்ணிவிட்டுப் பேசாமல் இருந்தார்.

ஜெனிட்டாவின் சோற்றின் மேல் வைத்த துண்டை
அவள் பிய்க்கவில்லை.
ஒரு விரலால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு
என்னைப் பார்த்தாள்.

"இது யாருக்கு எடுத்து வச்சது?"